கை முதலில் போன இடம்

புன்டா அரேனாஸில் ஜூன் மாதம்
காலை பத்துக்குத்தான் விடியும்.
அதுவரை குளியலறை என்னுடையது.
சிவப்பு பல்பு, மூன்று தட்டுகள்,
கதவிடுக்கில் திணித்த நசாரியோவின் பழைய கோட்டு.

பதினோரு வருடம் இவர்களைத்தான் எடுத்தேன்.
மிலென்கா பல் துலக்குவது.
மிலென்காவின் முழங்கால் தழும்பு.
ஷிப்ட் முடிந்து வந்து
ஒற்றைக் கால் பூட்ஸோடு
நாற்காலியிலேயே தூங்கிப்போன நசாரியோ.
சண்டைக்கு மறுநாள்
மேசையில் எதிரெதிரே இரண்டு கோப்பை.
அதில் ஒன்று என்னுடையது.
நான் இருக்கும் படம் என்று யாராவது கேட்டால்
அதைத்தான் காட்ட முடியும்.

வீட்டில் பழகிவிட்டார்கள்.
"இப்ப அசையலாமா?" என்று கேட்பாள் மகள்,
தன் வீட்டில்,
ஆறிப்போகும் தன் சூப்பின் முன்னால்.

நேற்றுக் கழுவிய சுருளில்
இருபத்து மூன்றாவது படம்
இப்போது தட்டில் மெல்ல ஏறி வருகிறது.
முதலில் போனின் கறுப்பு,
பிறகு ஸ்வெட்டரின் மடிப்பு,
கடைசியாக முகம்.
போர்வெனிரிலிருந்து அண்ணி பேசுகிறாள்.
படகு திரும்பவில்லை என்பதை
அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.
நசாரியோவின் வாய் ஒரு சொல்லுக்குத் திறந்து
சொல் வராமல் நிற்கிறது.

நல்ல படம்.
அதுதான் என்னை ஈரத் தரையில் உட்காரவைத்தது.

ஜன்னல் வெளிச்சம் சரியாகக் கன்னத்தில் விழுந்திருக்கிறது.
குவியம் மயிரிழை பிசகவில்லை.
அப்படியென்றால் என் விரல் நடுங்கவில்லை.
அப்படியென்றால் ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறேன்,
பின்னாலிருந்த துணிக்கொடி தெரியாமலிருக்க.
அதற்குப் பிறகுதான் அவன் தோளைத் தொட்டேன்.

தொட்டேனா?

நெகடிவ்வைச் சிவப்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
இருபத்து நாலிலும் அவன்தான். இன்னும் கிட்டே.
இருபத்தைந்தில் யாருமில்லை.
சாய்ந்த விட்டம், பாதி அடுப்பு,
மங்கலாக ஏதோ ஒரு துணியின் ஓரம்.
கேமராவை எங்கோ போட்டபோது
தானாக அமுங்கியிருக்க வேண்டும்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
ரசீது கிடைத்தவள் மாதிரி.

கதவு இடிபட்டது.
"அம்மா, அவசரம்!"
இரு, இரண்டே நிமிஷம் என்று சொல்லத்தான்
வாய் திறந்தேன்.
கோட்டை உருவி, தாழ்ப்பாளை நீக்கினேன்.
வெளியே விடிந்திருந்தது.
ஒன்றைக் காலில் குதித்தபடி
என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள் மிலென்கா.
அவள் பின்னாலேயே வந்த வெளிச்சத்தில்
தட்டில் கிடந்த முகம்
கறுத்துக்கொண்டே போனது.