நான்காம் தொகுதி ஏன் மாறுபடுகிறது

மீளாய்வாளர் இரண்டாவது கேள்வியாகக் கேட்டிருக்கிறார்:
ஒரே வட்டை, ஒரே நெல்லினம், ஒரே உலை,
எழுநூறு பாகை, இரண்டு மணித்தியாலம்.
பிறகு
நான்காம் தொகுதி மட்டும் ஏன் மாறுபடுகிறது?

நியாயமான கேள்வி.

சம்மாந்துறையில் உமி இலவசம்.
ஆதம்லெவ்வையின் ஆலைக்குப் பின்னால்
என்னைப்போல் இரண்டு ஆள் உயரம் குவிந்து கிடக்கும்.
முதல் மூன்று தொகுதிக்கும் அங்கேதான் அள்ளி
உரப்பையில் கட்டி ஸ்கூட்டியில் கொண்டுவந்தேன்.
முதுதத்துவமாணி என்றால் உமி அள்ளுவதா என்று கேட்டார்.
சொன்னேன்:
கரியாக்கி, காரத்தில் ஊறவைத்து, மறுபடி சுட்டால்
கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும்,
பகல் தந்த மின்னை இரவுவரை
அதற்குள் தேக்கலாம்.
"வெயில உமிக்குள்ள கட்டி வைக்கப் போறீங்க."
ஆய்வுச் சுருக்கத்தை ஏழு தரம் திருத்திவிட்டேன்,
இவ்வளவு சுருக்கமாக வரவில்லை.

நான்காவதுக்குப் போனபோது ஆலை பூட்டியிருந்தது.
உரம் வராத பெரும்போகம்.
ஏக்கருக்கு முப்பது மூடை கண்டவர்கள் எட்டோடு நின்றார்கள்.
மல்கம்பிட்டி வட்டையில் கதிரெல்லாம் நிமிர்ந்து நின்றது.
ரோட்டில் போகிறவருக்கு அழகாக இருந்திருக்கும்.
முல்லைக்காரர் இஸ்மாலெவ்வை
வீட்டுக்குக் குற்றியதில் இரண்டு கிலோ
ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டுத் தந்தார்.
"அரிசியத்தான் தேடணும் மகள்,
உமிக்குக் குறைவில்ல."

ஐந்நூற்றுப் பத்துப் பாகையில் கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
இருட்டுக்குள் உலை டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.
போன் வெளிச்சத்தில் எழுதினேன்: சூடாக்கல் தடைப்பட்டது.
அந்தக் கரியைக் கொட்டிவிட்டு
வெட்டு அட்டவணையைப் பார்த்து நேரம் குறித்தோம்:
அதிகாலை இரண்டு முதல் ஆறு.
பெற்றோல் இல்லாததால் காரைதீவிலிருந்து
சைக்கிளில் வந்து ஆய்வுகூடத்தைத் திறந்தார் தவசீலன்.
டைனமோ விளக்கு மட்டும் அசைந்து அசைந்து வந்தது.

முதல் மூன்றும் கிராமுக்கு
நூற்றுப் பத்து, நூற்றுப் பதினான்கு, நூற்றுப் பன்னிரண்டு பரட்.
நான்காவது நூற்று அறுபத்தெட்டு.
கருவியில் பிழை என்று மின்வாயைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன்.
நூற்று அறுபத்தொன்பது.

என் ஊகம் இது:
உரம் காணாத பயிர் சிலிக்காவைக் கூடுதலாக உறிஞ்சியிருக்கும்.
காரம் அதைக் கரைத்தெடுக்க
இருந்த இடமெல்லாம் துளை,
துளைக்குத் துளை ஏற்றம்.
இதைப் பிடித்துக்கொண்டு யாரும் பழமொழி செய்ய வேண்டாம்.

சந்தோஷப்பட்டேன்.
அதை ஆய்வேட்டில் எழுத ஒரு பத்தியும் இல்லை.
அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரு நேரம்தான் சோறு.
நான் வரைபைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படுத்தேன்.

இஸ்மாலெவ்வையிடம் போய்ச் சொன்னேன்.
முழுக்கக் கேட்டுவிட்டு
"அப்ப இனி உரம் போடாம விடுவமா?" என்றார்.
சிரிக்கவில்லை.

மூன்றாவது கேள்வி: நான்காம் தொகுதியை
மீளச் செய்து காட்டுக.

பெட்டியின் அடியைத் தட்டினேன்.
ஒரு தேக்கரண்டி உமி, செத்த வண்டு இரண்டு.
இப்போது உரம் வருகிறது. ஆலை ஓடுகிறது.
குவியல் பழைய உயரம்.
மூலப்பொருள் கைவசம் இல்லை என்று எழுதினேன், அழித்தேன்.
அந்த ஆண்டு மறுபடி வந்தால் என்று எழுதினேன்,
அதையும் அழித்தேன்.

கால் ஏக்கரில் உரமில்லாமல் விதைத்துப் பார்க்கலாம்
என்கிறார் தவசீலன்.
சரியான முறை அதுதான்.
யாருடைய கால் ஏக்கர் என்று நானும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
விதைப்புக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.
அதற்குள் போய்க் கேட்க வேண்டும்.