கள உண்மை

ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில்
நாச்சிக்குடாவுக்கு மேற்கே கறுப்பாய் ஒரு திட்டு.
கொழும்பில் கணினி அதைப் புல் என்று வாசித்திருக்கிறது.
எண்பத்தொரு வீதம் நிச்சயமாம்.
மிச்சப் பத்தொன்பதுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

வேலையின் பெயர் கள உண்மை.
அரை மீற்றர்ச் சதுரமாய் ஒட்டிய பிவிசி குழாய்,
ஈயக்குண்டு கட்டிய கயிறு,
பொலித்தீன் உறைக்குள் டேப்.
டிலக்சன் புள்ளி சொல்வான்.
நான் குதிப்பேன்.

படகு பெனடிக்ராவுடையது.
நண்டு வலைக்குப் போகாத நாளில்
கூலிக்கு வருவாள், எண்ணெய்க் காசு புறம்பு.
ஜிபிஎஸ் திசை பிடிக்கும் முன்னமே
மாதா கோயில் சிலுவையையும் மொட்டைப் பனையையும்
ஒரே கோட்டில் விழுத்தி
எஞ்சினை அணைத்துவிடுவாள்.
"இஞ்சதான். பெட்டியைப் பார்."
பெட்டி ஒப்புக்கொள்ள
இன்னும் அரை நிமிடம் எடுக்கும்.

முதற் புள்ளி மணல்.
இரண்டாவதும் மணல், ஒற்றைச் செருப்பு.
மூன்றாவதில் சாதாளை,
நாடா போல அகலம், முழங்காலளவு உயரம்.
நாலாவதில் முகில்.
படம் பிடித்த நிமிடத்தில்
கடலுக்கு மேலே முகிலொன்று நின்றிருக்கிறது;
அதன் நிழலையும் புல்லாய் எழுதிவிட்டது கணினி.
கீழே வெறும் சேறு.
பெனடிக்ரா சிரித்ததில் படகு ஆடியது.
"முகிலுக்கு ஆர் வலை விடுறது?"

பதினேழாம் புள்ளியில்
சதுரத்துக்குள் மண் தெரியவில்லை.
தொண்ணூற்றைந்து வீதம் என்று
விரலால் காட்டிவிட்டு மறுபடி மூச்செடுத்து இறங்கினேன்.
நகமளவு நண்டுகள்.
புல் நுனியில் கணவாய் முட்டை, கறுத்த முந்திரிகைக் குலை.
கொஞ்சம் தள்ளி
மண்வெட்டியால் இழுத்ததுபோல் நீண்ட வழுக்கை:
ஆவுளியா மேய்ந்து போன தடம்,
ஓரங்கள் இன்னும் இடியவில்லை.

மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு
பேசாமல் தொங்கினேன்.
இந்தப் படம் முடிந்தால் யார் யார் மேசைக்குப் போகும்?
காக்க வேண்டியவருக்கு ஒரு பிரதி.
அட்டைப் பண்ணைக்கு இடம் தேடுகிறவருக்கும்
ஒரு பிரதி கிடைக்கும்.
பச்சையை எங்கே கண்டாலும்
அங்கே முதல் கம்பு நடுவார்கள்.

"டிலக்சன், இதை மணல் என்று போடுவமா?"

அவன் விரல் திரைக்கு மேலே நின்றது.
பெனடிக்ரா அடித்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள்.
மூன்று கோப்பை ஊற்றிய பிறகு சொன்னாள்:

"விசரே உனக்கு?
அண்டைக்கு அவங்கட படத்தில
இந்தக் கரையில ஒரு சனமும் இல்லையெண்டு கிடந்தது.
நாங்கள் இருந்தனாங்கள்."

இன்னொரு கோப்பை.

"புல்லெண்டு போடு. பேரையும் சேர்த்துப் போடு.
கம்பு நட வாறவன்
ஆற்றையோ இடத்தில நடுறன் எண்டு
தெரிஞ்சு நடட்டும்."

பெயர், எலிசம்மா வலை அறுத்த பார்.
எலிசம்மா யாரென்று கேட்டேன்.
"ஆருக்குத் தெரியும்? வலை அறுந்தது தெரியும்."

குறிப்புக்கு இருபது எழுத்துத்தான் இடம்.
விசிறியையும் குற்றையும்கூடத்
தனித்தனி எழுத்தாய் எண்ணுகிறது டேப்.
எலிசம்மா வலை அறுத்த
என்பதோடு பெட்டி நிறைந்தது.
டிலக்சன் இரண்டு தரம் முயன்றான்.
பார் உள்ளே போகவில்லை.

அடுத்த புள்ளிக்கு அறுநூறு மீற்றர்.
சோளகம் ஏறத் தொடங்கியிருந்தது.
எஞ்சின் கயிற்றை அவள் இழுக்கப் போகையில்தான் கண்டேன்,
சதுரத்தின் மூலையில்
ஒரு புல்லும் அதில் நாலு முட்டையும்
சிக்கி வந்திருந்தன.
"நில்லுங்கோ" என்றேன்.

அந்த இறக்கத்துக்கு
நேரம் குறிக்கவில்லை.