செயல்தவிர்

வடவாற்றில் தண்ணீர் வந்த அதே வாரம்
கரந்தை வீட்டுக்குத் தவணையில் ஒரு கண்ணாடிப் பலகை வந்தது.
பதினொரு மாதம், மாதம் இரண்டாயிரத்து நூறு.
பலாப்பலகையைவிட எடை குறைவு.
கடன்தான் கனம்.

மொழியைத் தமிழுக்கு மாற்றினேன்.
மூலையில் ஒரு வளைந்த அம்பு,
அதன் பெயர் செயல்தவிர்.
பள்ளிக்கூடச் சுவரில் நீல மையால் எழுதிப்போட்ட
நீதிமொழி மாதிரி இருந்தது.
எந்தச் செயலை என்று
அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுக்கான்மாவு குழைத்த விரலுக்குக்
கண்ணாடி வழுக்கியது.
துணி ஒட்டிய பலகை தூரிகையைக் கொஞ்சம் நிறுத்தும்,
பேச்சுக்கு நடுவே கையைப் பிடித்துக்கொள்கிற
சம்பந்தியம்மா போல.
இது பிடிக்கவில்லை. விட்டது.
கிருஷ்ணனுக்குப் போட்ட முதல் புருவம்
காதைத் தாண்டிக் கொண்டைக்குப் போனது.
தவிர்த்தேன். மறுபடி போனது. தவிர்த்தேன்.
சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டே வீட்டுக்காரர்
'யார்கூட சண்டை?' என்றார்.

அம்மாபேட்டை உரக்கடைக்கு நாள்காட்டி.
மூவாயிரம் பிரதி.
மேலே வெண்ணெய்த்தாழிக் கண்ணன்,
கீழே யூரியா, பொட்டாஷ், கைபேசி எண்.

தங்க ரேக்கு இதில் கிடையாது.
மஞ்சள், பழுப்பு, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று:
தங்கம் என்று பொய் சொல்ல
ஒன்பது நாளில் பழகிவிட்டேன்.

எல்லாம் அடுக்கு அடுக்காக இருக்கிறது.
ஒவ்வோர் அடுக்குக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண்.
தொட்டால் மூடிக்கொள்ளும்,
அந்த அடுக்கும் காணாமல் போகும்.
நகை போனது. பட்டு போனது.
தாழி போனபின் வளைந்த கை மட்டும்
எதையோ அணைத்துக்கொண்டு நின்றது.

எங்கள் வழக்கத்தில் கண் கடைசி.
விடியலில் தலை குளித்து, பேசாமல்,
மூச்சைப் பிடித்துத் திறப்போம்.
திறந்தபின் கேட்டவர் வாய் திறக்கக் கூடாது.
இங்கே திறந்த பிறகுதான்
உரக்கடை தெய்வசிகாமணி வாய் திறந்தார்,
குரல்பதிவில், லாரிச் சத்தத்துக்கு நடுவே:
'பார்வை கொஞ்சம் மூட்டைப் பக்கம் திரும்பட்டும்மா.'

திருப்பினேன்.
'அவ்வளவு வேண்டாம்.'
திருப்பினேன்.
பத்தொன்பது முறை திறந்து பத்தொன்பது முறை மூடினேன்.
இருபதாவதுக்கு முன்னால்
மன்னிச்சுக்கோப்பா என்று சொல்லியும்விட்டேன், சத்தமாக.
சார்ஜ் மிச்சம் பிடிக்கத் திரை தானாக அணைந்தது.
அதில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை.
திரை வெளிச்சம் மட்டும்.
எங்கள் பலகையில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வராது,
தங்கம் எல்லாப் பக்கமும் தானே எரியும்,
அதனால் யாருக்கும் தரையில் நிழல் விழாது.
நான் ஒன்று போட்டுப் பார்த்தேன்.
புது அடுக்கில், பாதத்துக்குக் கீழே, ஊதா கலந்து,
நாலு மணி வெயிலில் வரப்பில் நிற்கிற
கன்றுக்குட்டிக்கு விழுவது மாதிரி.
குழந்தை சட்டென்று தரையில் கால் ஊன்றிவிட்டான்.
இடுப்பில் தூக்கினால் கை வலிக்கும் போலிருந்தது.
கொசு கடித்தது தெரியாமல்
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் குரல்பதிவு:
'எல்லாம் நல்லாருக்கு, கால்ல மட்டும் ஏதோ அழுக்கு.'

அம்பைத் தொடவில்லை.
அந்த அடுக்கின் கண்ணை மட்டும் மூடி அனுப்பினேன்.

ஜனவரியில் அய்யம்பேட்டை மாவுமில்லில்
அதே கண்ணன் ஆணியில் தொங்கினான்.
கொண்டையில், தோளில் அரிசிமாவு படிந்திருந்தது.
ஆரத்தை விரலால் தடவினேன், பழக்கதோஷம்.
மழமழவென்று காகிதம்.
'என்னக்கா பாக்குற?' என்றாள் மில்காரி.
'தேதி.'

பதினேழு.
அதற்கு மேலே கால் தரையில் படாமல்
மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன்.
இன்னும் நாலு தவணை பாக்கி.