கேத்தி பாலாடா, அதிகாலை மூன்று

ஹெட்லைட்டை நெற்றியில் மாட்டினால்
எலாஸ்டிக்கே ஐஸாக இருக்கிறது.
புல்லெல்லாம் உறைபனி;
மிதித்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.

முதல் கேரட்டைப் பிடுங்கும்போது
விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.
"நிக்காதடி, நின்னா நீயும் வேர் விட்டுருவே"
என்கிறாள் பக்கத்துப் பாத்தி செல்வராணி.
புருஷனின் ஸ்வெட்டர், அதன்மேல் மகனுடையது,
அதற்கும் மேல் உரச்சாக்கு.

குனி. பிடுங்கு. உதறு.
இரண்டாம் பாத்தியில் காது திரும்பி வந்தது.
மூன்றில் மூக்கு.
நாலாவதில் மஃப்ளரை அவிழ்த்து
வேலிக்கம்பியில் போட்டேன்.

வெளிச்சத்தில் பார்க்கிறேன்:
ஏழு பேர் முதுகிலும் ஆவி,
இப்போதுதான் இட்லிப்பானை
திறந்த மாதிரி.

லாரி டிரைவர் மட்டும்
கண்ணாடியை ஏற்றிவிட்டு
கம்பளிக்குள் நடுங்குகிறான்.
செல்வராணி கதவைத் தட்டுகிறாள்:
"இறங்குப்பா,
இன்னும் ஒரு பாத்தி இருக்கு."