பதினேழாம் எண்

வெள்ளி, மூன்றரை மணி. வெளியே வின்னிபெக்
மைனஸ் இருபத்தெட்டில் விறைத்துக் கிடக்கிறது.
டேப்லெட்டுகளை எண்ணி வண்டியில் அடுக்குகிறேன்.
இருபத்து நான்கு இருக்க வேண்டும்.
இருபத்து மூன்றுதான்.

அணைந்த திரையில்தான் விரல்கள் தெரிகின்றன:
பக்கம் தள்ளிய இழுவைகள், கொஞ்சம் ஜாம்,
கையுறையைக் கழற்றச் சோம்பி
யாரோ மூக்கால் தொட்ட வட்டம்.
துடைக்கிறேன்.
ஒரு வாரத்து வாசிப்பு
துணியோடு வந்துவிடுகிறது.

பதினேழைக் காணோம்.
மேசைக்கடியில் இல்லை, மெத்தை இடுக்கில் இல்லை.
படிவத்தில் 'தொலைந்தது' என்று எழுதப்போன நேரம்
திமிங்கில அடுக்கில்
இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே
முதுகு காட்டி நிற்கிறது.
உறைக்குள் செருகிய பஸ் டிக்கெட்டில் பென்சில் எழுத்து:
"இது வரை படிச்சிட்டேன். யாரும் எடுக்காதீங்க.
ஜோவலின், மூன்றாம் வகுப்பு."

பக்கத்தைச் செயலியே நினைவில் வைத்திருக்கும்,
எந்த டேப்லெட்டிலும் திறக்கும்,
திங்களன்று சொல்லலாம்.
சொல்லாமலும் இருக்கலாம்.

நாலு சதவீதம் சார்ஜ்.
ஒயரை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை.
நீலத் திமிங்கிலத்தை
ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்த்தினேன்.