போட்டு வாறன்

பல்லரட்டில் யூலை மாதத்து விடியல்,
காரின் பின்கண்ணாடியில் உறைபனி.
மொரீன் கயிற்றை என் கையில் தந்து சொன்னாள்:
"ஆறு கிழமை. கூடினால் எட்டு."

நாலு வருடம் பந்தயம் ஓடிய நாய்.
காதுக்குள் பச்சை குத்திய இலக்கம்.
பெயரும் இருந்தது, பந்தயத் தாளில்;
அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

எங்கள் வீட்டில் பெயர் வைக்கிற முறை சுலபம்:
வந்த அன்று அடுப்பில் எது கொதித்ததோ அது.
ரசம் என்று ஒரு சாம்பல் பூனை இருந்தது.
புட்டுக்கு மூன்று கால்.
கத்தரிக்காய் பதினொரு நாள்தான், அதற்குள் ஆள் கிடைத்தது.
இவள் சொதி.

சொதிக்குப் படி தெரியாது.
பின்வளவுக்கு இறங்க நாலே நாலு படி;
மேற்படியில் நின்று என்னைப் பார்ப்பாள்
கடன் கேட்க வந்தவள்போல.
கேதீஸ்தான் கால்களை ஒவ்வொன்றாய்த் தூக்கி வைத்தார்,
இன்னொரு நாய் வேண்டாமென்று
மூன்று நாள் பேசாதிருந்த கேதீஸ்.
கண்ணாடிக் கதவை மூக்கால் இரண்டுதரம் கற்றாள்.
மெத்தையும் தெரியாதுதான்;
அதை மட்டும் ஒரே இரவில் படித்துவிட்டாள்.

எனக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
சப்பாத்து மாட்டும்போது சொல்வேன்: போட்டு வாறன்.
முதல் கிழமை கதவைப் பிறாண்டினாள்,
பெயின்ற் போய் மரம் தெரிந்தது.
பிறகு ஊளை. பக்கத்து வீட்டு கெய்ல் கடிதம் போட்டாள்,
மிக நாகரிகமான கடிதம்.
நாலாம் கிழமை
"போட்டு" என்று தொடங்கவே
பாயில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்து
மூக்கை வாலுக்குள் வைத்தாள்.
சொன்னவள் வருவாள் என்று
கணக்குப் பார்த்து முடித்திருந்தாள்.

ஒன்பதாம் கிழமை
வார்னம்பூலிலிருந்து ட்ரெவரும் மகளும் வந்தார்கள்.
வந்ததும் சப்பாத்தைக் கழற்றி நிலத்தில் இருந்தார் மனிதர்.
கையை நீட்டவில்லை, அவளாக வரட்டும் என்று.
வீட்டில் படி உண்டா? இல்லை.
மதில்? ஆறடி.
பிழை பிடிக்க நான் எடுத்த முயற்சியெல்லாம் வீண்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், ஆங்கில எழுத்தில்:
வா என்றால் வருவாள்.
இரு என்றால் நிற்பாள், இருக்க மாட்டாள், அவள் இடுப்பு அப்படி.
சோறு என்றால் எங்கிருந்தாலும்.
ட்ரெவர் சொல்லிப் பார்த்தார். "சோரோ."
அதற்கே காது நிமிர்ந்தது.
எனக்குக் கொஞ்சம் கோபம்.

அந்த இரண்டு சொல்லை மட்டும் எழுதவில்லை.

கார்க் கதவு திறந்தபடி.
போறன் என்று வராது,
அபசகுனம் என்று வளர்ந்த வாய்.
மற்றதைச் சொன்னால் நம்பிவிடுவாள்;
மூக்கை வாலுக்குள் வைத்து
வார்னம்பூல் வரைக்கும் காத்திருப்பாள்,
அதற்குப் பிறகும்.
சரி, என்றேன்.
சரி சரி. என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

கேதீஸ் பின்படியைக் கூட்டப் போனார்.
கூட்ட அங்கே ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை மொரீன் ஃபோன் எடுத்தாள்:
ஒரு தாய்ப்பூனை, மூன்று குட்டி,
ஒன்றுக்குக் கண் பழுது,
இப்போதே கொண்டுவரலாமா.
ஃபோனைப் பொத்திக்கொண்டு
குசினியைப் பார்த்துக் கேட்டேன்,
இண்டைக்கு என்ன சமையல்?

"இன்னும் ஒண்டும் வைக்கேல்லை,"
என்றார்,
சட்டியைத் தேடியபடி.