பறவைகளுக்கு மட்டும்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பிடவைக் கடைகள் முடிகிற ஒழுங்கையில் என் கடை.
லவ்பேர்ட்ஸ், பிஞ்ச், ஒரு கண் மங்கிய கொக்கட்டீல்.
ஐம்பது கிலோ தினைச் சாக்கைப் பிரித்து
கால் கால் கிலோவாகக் கட்டி
மெழுகுதிரியில் வாய் ஒட்டி
ஒவ்வொன்றிலும் ரப்பர் முத்திரை குத்துவேன்:
பறவைகளுக்கு மட்டும்.

புனிதமலர் டீச்சர் அதை வாசித்தார்.
வாசித்துவிட்டு நாலு பைக்கற் எடுத்தார்.
"எத்தின சோடி வளக்கிறீங்க டீச்சர்?"
"ஒண்டுமில்ல தம்பி. கிளினிக்கில சீனி இருநூற்றிப் பத்து எண்டாங்க.
சோத்தக் குறைச்சுத் தினையத் தின்னட்டாம்.
சுப்பர்மார்க்கற்றில இதே சாமான் மூணு மடங்கு,
பைக்கற்றில ஒரு பொம்பிள சிரிக்கிறா.
அவட சிரிப்புக்கு நான் ஏன் காசு குடுக்க?"

அடுத்த மாதம் வந்து சொன்னார்:
கல் கிடந்தது, அரித்தேன்.
மற்றப்படி குருவிகளுக்கு நல்ல வாய்.

ஆனியில் கச்சான் அடிக்கத் தொடங்க
பாண்டிருப்பிலிருந்து பேரின்பம் வருவான்,
கதிர்காமத்துக்கு நடக்கிறவன்.
முத்திரையைப் பார்ப்பான், ஒன்றும் சொல்லமாட்டான்.
வீட்டில் இடித்து, தேன் விட்டுப் பிசைந்து
துணியில் முடிந்தால்
உகந்தை தாண்டிக் காட்டுக்குள் போகும் அது.
தினைப்புனம் காத்தவளைக் கலியாணம் முடித்த சாமியாம்.
"கிளி விரட்டினவட தினைய
கிளி விக்கிறவனிட்ட வாங்குறீங்க" என்றேன் ஒருமுறை.
சிரித்தான்.
"ஒரு வருசம் நீங்களும் வாங்களன் காக்கா."
பத்து ரூபாய் குறைத்தேன்.

சாக்குப் பிரிக்கையில் சிந்தும்.
கூட்டியது பின்கதவால் கானுக்குப் போகும்.
மாரி மழை விட்டபிறகு பார்த்தால்
கானோரம் எழும்பி நிற்கிறது
ரசீது இல்லாத, முத்திரை இல்லாத தினை.
நரிவால் என்பார்கள். நான் நரியைக் கண்டதில்லை,
எனக்கு அது கோபித்த பூனையின் வால்.
பாரத்தில் வளைந்த கதிர்
கழிவுத் தண்ணீரில் முகம் பார்த்தது.

பக்கத்தில் அதன் முரட்டுச் சொந்தக்காரன், ஒட்டுப்புல்.
யாரும் விதைக்காதவன்,
எல்லாச் சாரனிலும் ஏறுகிறவன்.
கதிர் வரும்வரை ஹயறுன்னிசாவின் ஆடுகள் அவனைத் தின்னும்.
கதிர் வந்தால் ஒரு வாய் வைத்துத் தும்மும்.
நானும் ஏசியிருக்கிறேன்.
ஆனால் எலி சாக்கைக் கடித்த கிழமை
அவனுடைய கதிரைத்தான் பிடுங்கிப்
பொந்துக்குள் அடைத்தேன், சுணை வெளியே பார்க்க.
எலி இரண்டு இரவு யோசித்தது.
மூன்றாம் இரவு அடுத்த கடைக்குப் போனது.

பிறகு ஒரு காலை தினைக்குருவிகள் வந்தன, பதினேழு.
கூண்டுக்குள் கத்தல் நின்றுவிட்டது.
கதிரில் தொங்கி ஆடி
உமியை என் பக்கம் துப்பி
காசு தராமல் போயின.
முத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
கூண்டு என்று அதில் எங்கும் இல்லை.

நேற்று பீ.எச்.ஐ. வந்தார்.
நுளம்பு, டெங்கு, கான் அடைப்பு.
"இந்தப் புல்ல வெட்டுங்க. ஏழு நாள். இல்லாட்டி வழக்கு."
நியாயமான மனிசன், நெற்றியெல்லாம் வியர்வை.
முந்தின கதிர்கள் குருவிகளுக்குப் போய்விட்டன.
பிந்தினதில் ஒன்றை நகத்தால் நசுக்கினேன்.
பால்.
மணி முற்ற ஒன்பது நாளாவது வேணும்.
"பத்து நாள் தாங்க சேர்."
"என்ன, பூக்கண்டா இது? புல்லுத்தானே."
"புல்லுத்தான்."
நெல்லும் புல்லுத்தான் என்று சொல்லவில்லை.
வழக்கு எழுதும் பேனையோடு
நான் தாவரவியல் பேசுவதில்லை.

அவர் குனிந்து தண்ணீரில் புழுத் தேடி
ஒட்டுப்புல்லுக்குள்ளால் நடந்து வந்து
மோட்டார் சைக்கிளில் ஏறினார்.
காற்சட்டையின் இடது கரையில்
பதினொரு விதை. எண்ணினேன்.
மருதமுனை, நற்பட்டிமுனை, சாய்ந்தமருது என்று
இன்னும் எத்தனையோ கான் பார்க்கவேண்டும் அவருக்கு.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.